அணியத்தில் நின்றவள் கிறுகினாள்

அம்மா தரவேமாட்டார் என்று ஊரே சொன்ன சம்மதம். மீன் வெட்டும் மேசையாகக் கிடந்த ஒரு பலகை. முகத்துவாரத்து மணல்திட்டில், ஆண்பிள்ளைகள் யாருக்கும் விட்டுக்கொடுக்காத வரிசையில், தனக்கென்று ஓர் அலை. பொத்துவில் கரையில், அந்தக் கடலோடு பிறந்து வளர்ந்த பெண்களுக்கு நடுவே ஒரு போட்டிச் சட்டை. இவற்றையெல்லாம் என் தங்கை தனுஷியா வென்றாள். பிறகு நாட்டின் அணியில் ஓர் இடத்துக்குப் போனாள். அதற்குக் குறுக்கே ஊர் நிற்கவில்லை, கடலும் நிற்கவில்லை. அவளுடைய சொந்தக் குதிக்கால்தான் நின்றது.

நான் அவளுக்கு ஏழு வயது மூத்தவன். பெயர் நிலோஜன். வாவியில் மீன்பிடித் தொழில். எங்கள் குடும்பம் முன்பு நாவலடியில் இருந்தது. அங்கே ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல், நடுவில் ஒடுங்கிய மணல் மட்டும்தான். சுனாமிக்குப் பிறகு திராய்மடுவில் வீடு தந்தார்கள். தனுஷியா அப்போது ஒரு வயதுக் குழந்தை. அம்மாவின் இடுப்பில் இருந்ததால் மிஞ்சினாள். அம்மாவின் தங்கையும் அவருடைய இரண்டு பிள்ளைகளும் மிஞ்சவில்லை.

அன்றிலிருந்து அம்மா கடலைப் பார்ப்பதில்லை. இதை ஒரு பேச்சுக்காகச் சொல்லவில்லை. பஸ்ஸில் கடல் தெரியும் பக்கத்து ஆசனத்தில் இருக்கமாட்டார். கல்லடியில் உறவினர் வீட்டுக்குப் போனால் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் தேத்தண்ணீர் குடிப்பார். வாவியோடு மட்டும் அவருக்குக் கோபம் இல்லை. "வாவி நம்மட ஆள்" என்பார்.

அப்பா வல்லிபுரம் வீச்சுவலைக்காரர். ஒரு நாள் தோள்மூட்டு இறங்கியது. பிறகு அது பழையபடி ஏறவே இல்லை. வலை வீசுகிற கை போய்விட்டதால் தோணி என்னிடம் வந்தது. வீச்சுவலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் முன்னுக்கு, அணியத்தில் நின்று மீனைப் பார்த்து வலை வீசுவார். மற்றவர் பின்னுக்கு நின்று கோல் ஊன்றித் தோணியைத் தள்ளுவார், திருப்புவார். கோல் ஊன்றப் பலம் வேண்டும், அது நான். அணியத்துக்குப் பாரமில்லாத ஆள் வேண்டும். வீட்டில் மிஞ்சியிருந்தது தனுஷியாதான். அப்பா முற்றத்தில் நின்று வாயாலேயே அவளுக்கு வலை வீசப் பழக்கினார்.

கரையில் இருந்தவர்கள் சும்மா விடவில்லை.

"என்ன வல்லிபுரம், பொம்புளப் புள்ளய அணியத்துல ஏத்துறாய்? மீனெல்லாம் வெக்கப்பட்டு ஓடிரும்."

"ஓடட்டும்" என்றார் அப்பா. "வெக்கங்கெட்ட மீன் வரும்தானே. அதுதான் ருசி."

இங்கே ஒன்றை விளக்க வேண்டும், பின்னால் எல்லாம் இதில்தான் தங்கியிருக்கிறது. வலை வீசும்போது பேசக்கூடாது, மீன் கலைந்துவிடும். அணியத்தில் நிற்பவர் திரும்பிப் பார்க்கவும் கூடாது, கண் தண்ணீரிலேயே இருக்க வேண்டும். அதனால் குதிக்காலால் பலகையில் மெல்லத் தட்டுவார். ஒரு தட்டு என்றால் இடப்பக்கம், இரண்டு என்றால் வலப்பக்கம். அந்தத் தட்டு பலகை வழியே ஓடி வந்து பின்னால் நிற்பவரின் காலில் தெரியும். அவர் கோலை ஊன்றித் தோணியைக் கிறுக்குவார். கிறுகுவது என்றால் எங்கள் பக்கத்தில் திரும்புவது. கிறுக்குவது என்றால் திருப்புவது. தனுஷியா தட்டுவாள், நான் கிறுக்குவேன். பத்து வருடம் இப்படியே இறாலும் மணலை மீனும் பிடித்தோம். அந்தப் பத்து வருடத்தில் அவள் ஒரு தடவைகூட முகம் திருப்பி, நான் பின்னால் நிற்கிறேனா என்று பார்த்ததில்லை.

இனிப் பலகை. எங்கள் தோணித்துறையில் அன்னப்பூரணி மாமி மீன் வெட்டிக் கொடுப்பார். அவருடைய மேசை என்பது இரண்டு சீமெந்துக் கல்லுக்கு மேல் கிடந்த, ஆளைவிட நீளமான ஒரு மஞ்சள் பலகை. விருந்தினர் விடுதியொன்றில் தங்கிய வெள்ளைக்காரர் எந்தக் காலத்திலோ விட்டுப்போன அலைச்சறுக்குப் பலகை அது. அடியில் நடுவே, மீனின் துடுப்புபோல ஒரே ஒரு பெரிய செட்டை, அதுவும் பாதி உடைந்தது. முன்பக்கம் முழுக்கக் கத்தித் தழும்பு.

"மாமி, இந்தப் பலகைய எனக்குத் தாங்களன்."

"தந்திட்டு மீன எதுல வெச்சு வெட்டுற? உன்ட முதுகிலயா?"

மறுநாள் விடியற்காலையில் அவள் ஒரு புளியங்குத்தியைத் திராய்மடுவிலிருந்து தார் ரோட்டில் உருட்டிக்கொண்டே வந்தாள். இறைச்சிக்கடைகளில் வைத்திருக்கிற மாதிரி நல்ல வைரமான குத்தி. மாமி அதில் கத்தியால் ஒரு கொத்துக் கொத்திப் பார்த்தார்.

"கொண்டு போ புள்ள. செதிள் போகாது, சொல்லிப்போட்டன்."

செதிள் உண்மையிலேயே போகவில்லை. இன்றைக்கும் வெயில் பட்டால் அந்தப் பலகையில் இரண்டு மூன்று இடம் மினுங்கும்.

அம்மாவிடம் அவள் எப்படிக் கேட்டாள் என்பதையும் எழுத வேண்டும். அடுப்படியில் குந்தியிருந்து, "அம்மா, நான் முகத்துவாரத்துக்குப் போறன், கடல் பக்கம்" என்றாள். அம்மா தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை. பாதித் தேங்காய் முடிந்த பிறகு சொன்னார்: "உன்ன ஒருக்கா அது விட்டிட்டு. எனக்கு அதுட்ட ஒண்ணும் கேக்க ஏலா. போறண்டா போ. என்னப் பார்க்க மட்டும் கூப்பிடாத."

மாரி மழையில் வாவி நிறைந்து, முகத்துவாரத்தை அடைத்த மணல் வெட்டுப்பட்ட பிறகு, அந்த மணல் வெளியே போய்க் கடலுக்குள் ஒரு திட்டாகப் படியும். தை மாதத்தில் அந்தத் திட்டின் மேல் அலை ஒரு முனையில் உடையத் தொடங்கி, பாய் சுருட்டுவதுபோல ஒழுங்காக மறுமுனைக்கு வரும். பெடியன்கள் அங்கே விளையாடுவார்கள். தனுஷியா ஒரு மாரி முழுக்க அங்கே விழுந்தெழும்பினாள். நான் வலைக்குப் போகிற ஆள் என்பதால் பார்க்கப் போகவில்லை. அடுத்த தை மாதத்தில் ஒரு நாள் தோணியை முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் ஒதுக்கி, கயிற்றைப் பிடித்தபடியே மணலில் ஏறிப் பார்த்தேன்.

அவள் ஓர் அலையைப் பிடித்து எழும்பினாள். பலகையின் பின்பக்கம் நின்றவள் அங்கே நிற்கவில்லை. முன்னுக்கு நடக்கத் தொடங்கினாள். ஒரு காலை மற்றக் காலுக்குக் குறுக்கே வைத்து, கீழே பார்க்காமல், அவசரமில்லாமல் நடந்தாள். அது எனக்குத் தெரிந்த நடை. தோணி ஒடுக்கம், இரண்டு காலையும் பக்கம் பக்கமாக வைத்தால் ஆடிக் கவிழும். அதனால் அணியத்துக்கு இப்படித்தான் போவோம். அவள் நுனிக்குப் போய், கால்விரல் பத்தும் பலகைக்கு வெளியே தொங்க, முதுகை நிமிர்த்தி, கைகளைத் தொங்கவிட்டு நின்றாள். கீழே கடல் ஓடிக்கொண்டிருந்தது. பலகை ஓடிக்கொண்டிருந்தது. அவள் மட்டும் அசையவில்லை. கோயில் தேரில் வைத்துக் கட்டிய சாமி தேர் ஓடும்போது நிற்குமே, அப்படி. என் கையில் தோணிக் கயிறு இருந்ததை மறந்து விட்டுவிட்டேன். தோணி போய்விட்டது. பிறகு நீந்திப்போய்ப் பிடித்தேன்.

அந்த நேரம் கரையில் இன்ஷாப் நின்றார். பொத்துவில் ஆள், அலைச்சறுக்குப் பழக்குகிறவர்; முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற மாதிரி, தனுஷியா பிறகு அவரைக் காக்கா என்பாள். தன் ஊரில் பருவம் இல்லாத மாதங்களில் பலகைகளை வேனில் ஏற்றிக்கொண்டு கல்லடிக்கு வந்துவிடுவார்.

"இவளுக்கு ஆரு மச்சான் பழக்கின?" என்று என்னிடம் கேட்டார்.

"ஒருத்தருமில்ல."

"பொய் சொல்லாதீங்க. இந்த நடைக்கு நான் மூணு வருஷம் பல்லுடைஞ்சிரிக்கன்."

"தோணில நடக்கிற நடைதான் இது" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என் தோணியைப் பார்த்தார். அது அப்போதும் நனைந்துபோய்ப் பாதித் தண்ணீரோடு கிடந்தது.

இன்ஷாப்தான் அவளுக்குப் போட்டியைப் பற்றிச் சொன்னார். நீளப்பலகைப் போட்டியில் இரண்டு விதமான வேலை பார்க்கப்படும். நுனிக்கு நடந்து போய் அலையோடு அலையாக நிற்பது பழைய முறை. அந்தக் காலத்துப் பாரமான பலகைகளுக்கு அதுதான் அழகு. பின்னுக்கு நின்று, பலகையை அலையின் உச்சிக்கு ஏற்றி, வெட்டிக் கிறுக்கிக் கீழே இறக்குவது புது முறை. பலமும் வேகமும் அதில்தான் தெரியும். ஒன்றை மட்டும் செய்தால் போதாது. ஒரே அலையில் இரண்டும் வர வேண்டும், ஒன்றிலிருந்து மற்றது பிறந்துவந்த மாதிரி இருக்க வேண்டும். அந்த வருடம் முதல் இரண்டு இடம் வருகிற பெண்கள் நாட்டின் அணியில் வெளிநாட்டுக்குப் போவார்கள் என்றும் சொன்னார்.  இரவு சாப்பிடும்போது தனுஷியா, "ரெண்டு பேர்ல ஒராள்" என்று தனக்குள் சொன்னாள்.

2024 ஜூலையில் பொத்துவிலில் முதற்சுற்று நடந்தது. நானும் போனேன். தனுஷியா நுனியில் நின்றபோது கரையில் இருந்த வெள்ளைக்காரர்கள்கூட எழும்பி நின்றார்கள். ஆனால் அந்தக் கடலின் அலை நீளமானது. இடையிடையே அலை பின்னால் தங்கிவிடும், பலகை முன்னே ஓடிவிடும். அப்போது கிறுகி, உடைகிற அலைக்கே திரும்பப் போக வேண்டும். இன்ஷாப் தண்ணீரில் இடுப்பளவுக்கு இறங்கி நின்று கத்தினார்:

"கிறுக்கு! கிறுக்கு புள்ள! கிறுக்கு!"

பக்கத்தில் நின்ற யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒன்று, போட்டிக்கு உதவி செய்ய வந்தது, முகம் சுளித்துக்கொண்டு என்னிடம் கேட்டது: "ஏன் அண்ணை அந்தப் பிள்ளையை விசரி, கிறுக்கு எண்டு ஏசுறார்? பாவமல்லே?"

எனக்குச் சிரிப்பு வர வேண்டிய இடம். சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அந்த நேரத்தில் நான் அவளுடைய காலைப் பார்த்துவிட்டேன். நுனியில் நின்றபடி, முகத்தைத் திருப்பாமல், அவள் குதிக்காலால் பலகையில் மெல்லத் தட்டினாள். ஒரு தட்டு. பிறகு காத்துக்கொண்டு நின்றாள்.

பலகை கிறுகவில்லை. எப்படிக் கிறுகும்? பின்னால் ஒருவரும் இல்லை. அலை செத்தது, பலகை தாழ்ந்தது, அவள் தண்ணீருக்குள் போனாள். அடுத்த அலையிலும் அதே தட்டு, அதே காத்திருப்பு. உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகப் பலகையிலிருந்து விழுகிறார்கள். இந்த விதமாக விழ எங்கள் வாவியில் அணியத்தில் நின்ற ஒருத்தியால் மட்டும்தான் முடியும்.

அவள் நான்காவதாக வந்தாள். ஓகஸ்ட் கடைசியில் நடக்கும் இறுதிக்கு நான்கு பேர் தெரிவானார்கள், அதில் கடைசிப் பெயர் அவளுடையது.

வேனில் திரும்பி வரும்போது இன்ஷாப் தீர்வு சொன்னார். "இந்த மீன் பலகைய விடு. நான் வேறொண்டு தாறன். அதே நீளம், பாதிப் பாரம், மூணு செட்டை. முன்னுக்குப் போறத மறந்திரு. பின்னுக்கு நிண்டு கிறுக்கு, அதுக்குத்தான் இப்ப புள்ளி."

"நான் தட்டினன் அண்ணா" என்றாள் அவள் என்னிடம். இன்ஷாப்புக்கு அது விளங்கவில்லை.

"கண்டன்" என்றேன்.

"நீ இல்லயே."

வேன் எங்கள் ஊரையும் தாண்டி வாழைச்சேனைக்குப் போனது. ஏன் வாழைச்சேனை என்றால், இன்ஷாப் அங்கே அசனார் என்கிற பைபர் வள்ளம் கட்டுபவரிடம் பலகை திருத்தக் கொடுப்பார்.

அந்தப் பாரமில்லாத பலகையில் தனுஷியா பத்து நாள் கிடந்து பழகினாள். கிறுகத்தான் செய்தது, உள்ளங்கையில் வைத்துத் திருப்புவதுபோல. ஆனால் முன்னுக்கு இரண்டு அடி வைத்தால் மூக்கு தாழ்ந்துவிடும். பின்னுக்கே நின்று நின்று அவள் மற்றவர்களைப் போலவே ஆகிவிட்டாள். கரையில் இருந்து பார்த்தால் எது தனுஷியா என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. பதினோராம் நாள் பலகையைத் துடைத்து இன்ஷாப்பிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"ஏன்கா? நல்லாத்தானே போகுது?"

"நல்லாத்தான் போகுது காக்கா. அதுல நான் இல்ல."

அன்று பின்னேரம் தோணித்துறைக்கு வந்தாள். என் கையிலிருந்த கோலை வாங்கினாள்.

"அண்ணா, நீ முன்னுக்குப் போ."

"நானா?"

"வேறாரு? அன்னப்பூரணி மாமியா?"

நான் வாழ்க்கையில் அணியத்தில் நின்றதில்லை. வலையைத் தோளில் போட்டு நின்றேன். அவள் கோலை ஊன்றி ஒரு தள்ளுத் தள்ளினாள். நான் வலையோடு தண்ணீருக்குள் போனேன். கரையில் புளியங்குத்தியடியில் இருந்த மாமி கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"நிலோஜன், வலைய வீசச் சொன்னா உன்னயே வீசுறாய்!"

இரண்டாம் தடவை குந்தியிருந்தேன். குந்தியிருந்தபடியே குதிக்காலால் தட்டினேன், அவள் பின்னால் கிறுக்கினாள். முதலில் தோணி போகாத திசைக்கெல்லாம் போனது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அவள் கோலை நிறுத்திவிட்டுக் கேட்டாள்:

"நீ தட்டினா எனக்கு முழங்கால்லதான் தெரியுது. இவ்வளவு காலமும் நீ முழங்காலாலயா கேட்ட?"

"ஓம்."

"அப்ப கையால தள்ளுறல்ல நீ. முழங்கால மடிச்சு, பின்னங்கால்ல இருக்கிறாய். கோல் சும்மா பேருக்கு."

அப்படித்தான் செய்கிறேன் என்பது அவள் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. நான் அவளுக்கு ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. முன்னால் ஒரு பாரமாகக் குந்தியிருந்தேன், அவ்வளவுதான்.

பிறகு என்னையும் இறக்கிவிட்டாள். தனியே தோணியைக் கொண்டு போனாள். அணியத்தில் நிற்பாள், குதிக்காலால் தட்டுவாள், அந்தத் தட்டு அடங்குவதற்கு முன் கால்மாற்றிப் பின்னுக்கு நடந்து வந்து, முழங்காலை மடித்துத் தோணியைக் கிறுக்குவாள், திரும்ப அணியத்துக்கு நடப்பாள். வலை இல்லை, மீன் இல்லை. வாவியின் நடுவே ஒருத்தி தனக்குத் தானே தட்டித் தனக்குத் தானே திரும்பிக்கொண்டிருந்தாள்.

"வல்லிபுரத்தார், மகளுக்குக் கிறுக்குப் பிடிச்சிட்டு போல" என்றார்கள் கரையில்.

"ஓம்" என்றார் அப்பா. "நல்லாக் கிறுக்குறாள்."

மஞ்சள் பலகையை அவள் அசனாரிடம் கொண்டு போனாள். உடைந்த நடுச் செட்டையை முழுதாக்கி, அதன் இரண்டு பக்கமும் சின்னதாக ஒவ்வொரு செட்டை வைக்கச் சொன்னாள். நிற்பதற்குப் பெரியது, கிறுகுவதற்குச் சின்னவை. முன்பக்கத்துக் கத்தித் தழும்புகளைத் தொட வேண்டாம் என்றாள். அந்த இடத்தில் கால் வழுக்காது.

அசனாருக்கு அறுபது வயதிருக்கும். பலகையைத் தலைகீழாகப் போட்டு, தாடியில் ரெசின் ஒட்டாமல் துணியால் கட்டிக்கொண்டு, இரண்டு நாள் வேலை செய்தார். முடிந்த பிறகு செட்டைக்கு மேலே உள்ளங்கை அளவு இடத்தைக் கரடாக விட்டுவைத்தார்.

"இது உன்ட பேருக்கு. கையெழுத்து வெச்சாயெண்டா மேல ஒரு பூச்சுப் பூசிருவன். கடலாலயும் அழிக்க ஏலா."

தனுஷியாவுக்குக் கையெழுத்து என்று ஒன்று இருந்ததில்லை. அடையாள அட்டைக்கும் போட்டிக்கும், பள்ளிக்கூடத்துக் கொப்பியில் எழுதுவதுபோல ஒவ்வொரு எழுத்தாகப் பெயரை எழுதிக் கொடுத்தவள். பென்சிலை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"நீங்க வள்ளத்துக்குப் பேர் எப்ப எழுதுவீங்க, காக்கா?"

"கடலுக்குப் போய், மீனோட திரும்பி வந்த புறகு. ஓடி வராத வள்ளத்துக்கு என்ட பட்டறையில பேர் எழுதுறல்ல."

"அப்ப இதுக்கும் அப்படியே கிடக்கட்டும்."

ஓகஸ்ட் 31, சனிக்கிழமை, இறுதிப் போட்டி. அம்மா வருகிறேன் என்றார். நானும் தனுஷியாவும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

"என்ன பார்க்கிறீங்க? நான் கடலுக்கு வரல்ல. அவள் காலையிலயிருந்து வெறும் வயித்தோட கிடப்பாள். சோறு கொண்டு வாறன்."

பொத்துவில் கரையில் அம்மா மணலில் இருந்தார், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. எல்லோரும் ஒரு பக்கம் பார்க்க, அவர் மட்டும் சோற்றுப் பொதியை மடியில் வைத்துக்கொண்டு, எதிரே இருந்த தேத்தண்ணீர்க் கடையைப் பார்த்தார்.

"நீ பார்த்துச் சொல்லு மனே" என்றார்.

நான்கு பெண்கள் இறங்கினார்கள். ஒவ்வொருவருக்கும் மிகச் சிறந்த இரண்டு அலை கணக்கு. பொத்துவில் பஹீமா எடுத்த எடுப்பிலேயே அலையின் உச்சியில் வெட்டிக் கிறுகி, அந்தக் கரை முழுவதையும் கத்த வைத்தாள். அவள் முதலாவது என்பதில் எவருக்கும் சந்தேகம் இல்லை. மிச்சம் ஓர் இடம். தனுஷியாவின் முதல் அலை பரவாயில்லை. நுனியில் நின்றாள், கிறுகுவதற்கு முன் அலை முடிந்துவிட்டது. ஒலிபெருக்கியில் மூன்றாம் இடம் என்று சொன்னார்கள்.

"என்னவாம்?"

"மூண்டாவது, அம்மா."

"ரெண்டு பேரத்தானே எடுக்கிற?"

"ஓம்."

அம்மா பொதியின் நூலை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். நேரம் ஓடியது. அலையே வரவில்லை. கடல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தது. பிறகு முனைக்கு வெளியே ஒரு கோடு எழும்பியது.

"வருது" என்றேன்.

"ஆரு?"

"அலை."

தனுஷியா திரும்பினாள், மூன்று தடவை கையால் தண்ணீரை வலித்தாள், எழும்பினாள். நடந்தாள். அதே நடை. நுனியில் நின்றாள், விரல்கள் வெளியே. அலை அவளுக்குப் பின்னால் சுருண்டு சுருண்டு வந்தது, அவளைத் தொடவில்லை.

"நிக்கிறாள், அம்மா. முன்னுக்கு நிக்கிறாள்."

"புறகு?"

அலை தடித்துத் தங்கத் தொடங்கியது. பலகை முன்னே ஓடியது. ஜூலையில் செத்த அதே இடம். இன்ஷாப் இந்த முறை கத்தவில்லை. இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் அவளுடைய குதிக்காலைப் பார்த்தேன். இவ்வளவு தூரத்திலிருந்து அது தெரிந்திருக்க முடியாது என்பார்கள். தெரிந்தது. தட்டினாள். என் முழங்கால் மடிந்தது. நான் அதை மடிக்கவில்லை.

அவள் காத்திருக்கவில்லை. கால்மாற்றி, கால்மாற்றி, பின்னுக்கு வந்தாள். பின்னங்காலில் அப்படியே இருந்தாள். அந்த நீளமான, பாரமான, மீன் வெட்டிய பலகை தன் மூக்கைத் தூக்கி, கரைப்பக்கத்திலிருந்து கடல்பக்கத்துக்கு, ஒரு பெரிய வட்டமாகக் கிறுகியது. தண்ணீர் விசிறி விரித்ததுபோல எழும்பியது. நுரையில் போய் மோதி, அதே நுரையிலிருந்து திரும்பக் கிறுகி வெளியே வந்தாள். வந்ததும் நிற்கவில்லை, முன்னுக்கு நடந்தாள். திரும்பவும் நுனி. திரும்பவும் அந்த நிலை. முன்னுக்கு நிற்கிறவளும் அவள்தான், பின்னுக்கு நின்று கிறுக்குகிறவளும் அவள்தான். ஒரு தோணிக்கு வேண்டிய இரண்டு பேரும் அந்தப் பலகையில் இருந்தார்கள், நான் ஒருத்தியைத்தான் கண்டேன்.

கரையில் சத்தம் இல்லை. நானும் பேச மறந்துவிட்டேன்.

"என்ன மனே?" என்றார் அம்மா. "விழுந்திட்டாளா?"

நான் கடலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நிலோஜன்! என்னடா நடக்குது? சொல்லன்டா!"

 அம்மா என் முகத்தைப் பார்த்தார். பிறகு பொதியை மணலில் வைத்து, ஒரு கையை ஊன்றி, உடம்பு முழுவதையும் திருப்பி, கடலைப் பார்த்தார்.

என் தங்கை இரண்டாம் தடவை பின்னுக்கு நடந்துகொண்டிருந்தாள். இன்னொரு வட்டம். அலை கரைக்குக் கிட்ட வந்து மெலிந்து, அவளை முழங்காலளவுத் தண்ணீரில், ஒரு பிள்ளையை இறக்கிவிடுவதுபோல இறக்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் கரை வெடித்தது. பஹீமா தன் பலகையில் இருந்தபடியே தண்ணீரில் கையால் அடித்தாள். இன்ஷாப் என்னைக் கட்டிப்பிடித்து, "அல்லாஹ், அல்லாஹ்" என்று மட்டும் சொன்னார்.

அம்மா இன்னும் கடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருடம் பார்க்காத ஒன்றை ஒரேயடியாகப் பார்க்கிற மாதிரி, இந்தத் தொங்கலிலிருந்து அந்தத் தொங்கல் வரைக்கும் பார்த்தார்.

"இவ்வளவு கிட்டவா இருந்தது?" என்றார்.

ஒலிபெருக்கியில் பெயர்களைச் சொன்னார்கள். பஹீமா முதலாவது. வல்லிபுரம் தனுஷியா இரண்டாவது. இரண்டு பேரும் அணியில். தனுஷியா பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து, அம்மா கடலைப் பார்த்தபடி இருப்பதைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள். வெற்றியைக் கேட்டு அழாதவள் அதற்கு அழுதாள்.

"வா, சோறு ஆறுது" என்றார் அம்மா. முகத்தைத் திருப்பவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டேதான் பொதியை அவிழ்த்தார்.

நான்கு நாளைக்குப் பிறகு அம்மாவும் தனுஷியாவும் நானும் பலகையோடு வாழைச்சேனைக்குப் போனோம். பஸ்ஸில் அம்மா கடல் பக்கத்து யன்னலோரம் இருந்தார். அசனார் பலகையைக் கவிழ்த்துப் போட்டு, கரடாக விட்ட இடத்தைத் துணியால் துடைத்தார்.

"ஓடி வந்திட்டுதா?"

"வந்திட்டு காக்கா."

"மீனோடயா?"

"இந்தப் பலகையில எப்பவும் மீன் கிடக்குமே" என்றாள் தனுஷியா, மினுங்கிய ஒரு செதிளைக் காட்டி.

அவர் பென்சிலை நீட்டினார். "அப்ப கிறுக்கு, புள்ள."

அவள் சிரித்தாள். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். பிறகு அவள் குனிந்தாள். கொப்பி எழுத்தாக எழுதவில்லை. 'தனுஷி' வரைக்கும் ஒரே ஓட்டமாகப் போனாள். 'யா'வின் காலை முனை வரைக்கும் நீட்டினாள், அங்கே ஒரு கணம் நிறுத்தினாள். அவளுடைய குதிக்கால் பட்டறைத் தரையில் மெல்ல ஒரு தரம் பட்டது. அந்தக் கோட்டைக் கிறுக்கி, பெயருக்கு அடியால் தொடங்கிய இடத்துக்கே கொண்டுவந்து விட்டாள். அசனார் அதற்கு மேல் பூச்சைப் பூசினார். அது 2024 செப்டம்பர் 4, புதன்கிழமை.